புதன்கிழமை வகுப்பு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்?

என் தொண்டை மறுபடி மக்கர் பண்ணுகிறது. வகுப்பு நேரம் போக மற்ற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது, போனைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு வாய்ப்பூட்டு. என் வீட்டுக்காரிக்கு ஏக சந்தோஷம். இனி நமக்குள் கடிதம்தான்.

பேப்பரில் உன் படம் பார்த்தோம். அரசியல் சட்டப் பேராசிரியர் அறக்கட்டளைத் தலைவராகிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஊஞ்சலில் யார் முறை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்துகொண்ட ஜட்ஜம்மா இவர்தான் என்று ஒருவரும் எழுதவில்லை. பல்கலைக்கழகத்தில் நீ பேசிய கடைசி உரையையும் போட்டிருந்தார்கள். எங்கள் புதன்கிழமையை மேடை ஏற்றிவிட்டாயே. வகுப்பில் வைத்தே பழக்கினால் பிள்ளைகள் வகுப்பில் மட்டும்தான் பேசுவார்கள், அதனால் வாரம் ஒரு நாள் அறையைப் பூட்டிவிட்டுச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அழைத்துப்போய் முன்பின் தெரியாதவர்களோடு பேசவிடுகிறோம் என்பதை என்னைவிட நீதான் அழகாகச் சொல்லியிருக்கிறாய். போன வருஷம் நீ கூட வந்த அன்று வாயாடி டிக்கெட் கவுண்டரில் எம்பி நின்று "ஒண்ணு குடுங்க" என்று கேட்டாளே, அதைச் சொன்னபோது அரங்கமே எழுந்து கைதட்டியதாம். ஒரு வருஷம் வாயே திறக்காத பிள்ளைக்கு நாங்கள் கேலியாக வைத்த பெயர் அது. இப்போது உண்மையாகிவிட்டது.

ஒரு விஷயம். எங்கள் கட்டடத்தை விற்கிறார்கள். ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வேறு இடமும் இன்னொரு ஆசிரியரும் கிடைக்காவிட்டால் பள்ளியை மூடுவதைத் தவிர வழியில்லை. உங்கள் அறக்கட்டளை சிறிய பள்ளிகளிடம் விண்ணப்பம் கேட்டிருக்கிறதே, நான் அனுப்பலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கூடாது என்றால் கூடாது என்று எழுது, தப்பாக நினைக்க மாட்டேன்.

பாசத்துடன்,
உன் தம்பி

ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. நீ வெந்நீர் குடி, சத்தம் போடாதே.

என் பழைய அறையில் நாற்காலி மேல் புத்தகமும் புத்தகத்தின் மேல் விடைத்தாளும் இருக்கும். வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசுவார்கள். இங்கே சுற்றிலும் கண்ணாடி, காலடியில் கம்பளம், மேசை மேல் ஒரு பூச்சாடி. யார் உள்ளே வந்தாலும் முதுகை வளைத்துக்கொண்டு வருகிறார்கள். ஏன் வந்தாய் என்று பழைய நண்பர்கள் கேட்கிறார்கள். உரிமை, உரிமை என்று ஆயுசு முழுக்க எழுதினேன். அதைப் படித்து வக்கீல்கள் நன்றாக வாதாடினார்கள். என் கையால் ஒருவருக்காவது ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வந்த வேகத்தில் விதிகளை மாற்றி எழுதினேன். முன்பெல்லாம் தெரிந்தவர்களுக்கே மானியம் போய்க்கொண்டிருந்தது. இனி முன்கூட்டிச் சொல்லாமல் நேரில் போய்ப் பார்ப்பார்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். குழுவில் யாருடைய உறவினர் விண்ணப்பம் வந்தாலும் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதைத்தானே வகுப்பு வகுப்பாகக் கற்றுக் கொடுத்தேன். குழுவில் ஒரு தொழிலதிபர் இருக்கிறார். "பேராசிரியருக்குப் பெரிய குடும்பமோ?" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

நீ தாராளமாக அனுப்பு. உறவு என்ன என்ற இடத்தில் அக்கா என்று எழுது. அதற்கு மேல் நான் எதையும் தொட மாட்டேன், பார்க்கவும் மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

சௌக்கியம்தானே? தொண்டை பரவாயில்லை. விண்ணப்பம் அனுப்பியாயிற்று. நானும் என் வீட்டுக்காரியும் நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதினோம். பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வயதில் வந்தார்கள், இப்போது என்ன பேசுகிறார்கள் எல்லாம் எழுதினோம். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் கொஞ்சம் நல்ல வேலைதான் பார்த்திருக்கிறோம்.

பெற்றோர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உங்கள் அக்கா தலைவராக இருக்கும்போது நமக்கு என்ன கவலை என்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று விளக்கினேன். வாயாடியின் அம்மாவுக்கு மட்டும் புரியவே இல்லை. சொந்த அக்கா ஏன் வெளியே போக வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பாத்திரக் கடையில் பில் போடுகிறவள். மகள் பேசுவதைக் கேட்பதற்காகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வருவாள், வாசற்படியில் நின்றே கேட்டுவிட்டுப் போவாள்.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் நடக்கும் அன்று மனசுக்குள் எங்களை நினைத்துக்கொள், போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தம்பி

மார்ச் 21

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கும் குறையில்லை.

நேற்றுக் குழு கூடியது. உன் விண்ணப்பம் வந்ததும் விதிப்படி எழுந்து வெளியே வந்துவிட்டேன். கூட்ட அறைக்கு வெளியே ஒரு நீளமான நடை. பழைய தலைவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கோட்டுப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடித்தேன். துப்புரவு வேலை செய்கிற அம்மாள் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பிறகு கூப்பிட்டார்கள், போனேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

முடிவு தபாலில் வரும். எதுவாக இருந்தாலும் மனதைத் தளரவிடாதே. வேறு இடங்களுக்கும் எழுதி வை.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று வந்துவிட்டது.

காரணத்தைப் படித்துவிட்டு நானும் என் வீட்டுக்காரியும் முதலில் சிரித்தோம், பிறகு அவள் அழுதாள். பார்வையிட வந்த அதிகாரி ஒரு புதன்கிழமை வந்திருக்கிறார். கதவு பூட்டியிருந்திருக்கிறது. கீழே டயர் கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். அந்த மனுஷன், "புதன்கிழமைல யாரும் இருக்க மாட்டாங்க சார், எப்பவும் பூட்டித்தான் கெடக்கும்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதினோமே, வாரம் ஒரு நாள் அறையைப் பூட்டுவோம் என்பதை எழுதவில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுகிறோம் என்று யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா? பள்ளி முறையாக நடப்பதாகத் தெரியவில்லை, விளக்கம் தரக்கூடியவர் யாரும் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

அந்த நேரம் நாங்கள் சந்தையில் இருந்திருப்போம். பிள்ளைகளில் ஒருவன் வெங்காயம் விலை கேட்டுக்கொண்டிருந்திருப்பான்.

நீ உள்ளே இருந்திருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பாய். உன்னை வெளியே அனுப்பியதில் இப்படி ஆகிவிட்டது. இப்போதாவது நீ அவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா அக்கா? தயவு வேண்டாம், விவரம் மட்டும். விதியில் இடமில்லை என்றால் விட்டுவிடு, உனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. ஆனால் சீக்கிரம் எழுது. இடம் பார்க்க நாள் குறைவாக இருக்கிறது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி

மே 9

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். தொண்டை எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஊர் ஊராகக் கூட்டம், நடுவில் காய்ச்சல் வேறு. கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். ஒரு மானியச் சுற்று முடிந்துவிட்டால் அந்த வருஷம் திறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன். பழைய ஆட்கள் சிபாரிசோடு திரும்பத் திரும்ப வந்து நின்றதால் அப்படி எழுத வேண்டியிருந்தது. தலைவரே தன் தம்பிக்காக அதை உடைத்தால் நாளைக்கு எல்லோரும் உடைப்பார்கள். அடுத்த வருஷம் கட்டாயம் விண்ணப்பம் போடு. புதன்கிழமை பற்றி முதல் பக்கத்திலேயே எழுது.

பிள்ளைகளின் காதுக் கருவிகளுக்கு பேட்டரி அனுப்பியிருக்கிறேன். இது என் சொந்தச் செலவு. வந்து சேர்ந்ததா என்று எழுது.

அக்கா

மே 20

அன்புள்ள அக்கா,

பேட்டரி வந்தது. இரண்டு வருஷத்துக்கு வரும் போலிருக்கிறது, கடையையே வாங்கிவிட்டாயா? பிள்ளைகள் பெட்டியை உடைத்து விளையாடினார்கள். காய்ச்சல் விட்டதா? தனியாக இருக்கிறவள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் பார்த்தால் எங்களைவிட நீதான் அதிகமாக நொந்துபோயிருக்கிறாய் என்று தெரிகிறது. உன் கை கட்டப்பட்டிருந்தது, நீ என்ன செய்வாய்? உள்ளே தம்பியின் பிழைப்பு பேசப்படுகிறது, பதில் தெரிந்த ஒரே ஆள் வெளியே படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நிலைமை எந்த அக்காவுக்கும் வரக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொன்னாள். "அண்ணி மாதிரி நேர்மையா யார் இருக்கா?" என்று பெருமையாகவும் சொன்னாள். நீ சங்கடப்படாதே.

இடம் எதுவும் அமையவில்லை. எங்களோடு இருந்த ஒரே ஆசிரியையும் வேறு வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசி வாரம் வரை வகுப்பு நடத்துவோம்.

அன்பில் குறையாத,
தம்பி

மே 28

அன்புத் தம்பிக்கு,

நலமாக இரு. எங்கள் குழுவில் ஒரு வயதான டாக்டர் இருக்கிறார், நல்ல மனிதர். உங்கள் பள்ளியை அவரே பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். புதன்கிழமை போகச் சொல்லியிருக்கிறேன். காலையிலேயே வந்துவிடுவார். இதனால் இந்த வருஷம் எதுவும் மாறாது, இருந்தாலும் ஒருவராவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

உன் வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றி அப்படியெல்லாம் சொல்ல வேண்டாம் என்று சொல்.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

டாக்டர் வந்திருந்தார். எங்களோடு சந்தை முழுக்க நடந்தார். பிள்ளைகள் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். வாயாடி அவரிடமே போய் "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. "மெதுவா சொல்லுங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார். நிறைய நேரம் பேசினார். அதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.

கட்டடத்தை இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்கிறோம். பெஞ்சுகளை ஒரு டியூஷன்காரர் எடுத்துக்கொள்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தம்பி

ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ எழுத வேண்டியதில்லை என்று விட்டதை நான் எழுதிவிடுகிறேன். டாக்டர் உன்னிடம் சொல்லியிருப்பார். வேறு என்னதான் அவ்வளவு நேரம் பேசியிருப்பார்? புதன்கிழமை போங்கள் என்று நான் சொன்னபோதே அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறதே என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

உறவினர் விண்ணப்பம் வந்தால் வெளியே போக வேண்டும் என்ற விதியை உனக்குப் பாதிதான் சொன்னேன். போவதற்கு முன்பு, குழு விவரம் கேட்டால் தெரிந்ததைச் சொல்லலாம் என்று மீதி இருக்கிறது. ஆளை வெளியே அனுப்பலாம், உண்மையை வெளியே அனுப்பக் கூடாது என்று நான்தான் அதைப் பிடிவாதமாகச் சேர்த்தேன். அன்று அதிகாரி அறிக்கையை வாசித்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். டாக்டர்தான் கேட்டார், "பள்ளிக்கூடம் ஏன் பூட்டியிருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று. எனக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமையைச் சொல்லித்தான் மேடையில் கைதட்டு வாங்கினேன். தொழிலதிபர் பேனாவை மூடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். வெளியே வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் விதியை நினைக்கவில்லை தம்பி. பள்ளியையும் நினைக்கவில்லை, உன்னையும் நினைக்கவில்லை. நாளைக்கு என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று மட்டும் நினைத்தேன். நடையில் நின்றபோது நிம்மதியாகக்கூட இருந்தது. நீ ஏப்ரலில் எழுதியபோது அந்தச் சுற்று இன்னும் முடிந்திருக்கவில்லை, போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால் மார்ச்சில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அதற்கும் பயந்தேன். காய்ச்சல் என்று எழுதியதும் பொய்.

சென்ற வாரம் குழுவில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதவியை விட்டுப் போகிறேன் என்றும் சொன்னேன். உடனே அந்தத் தொழிலதிபர்தான் எழுந்தார். சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களே, இந்த நேர்மை யாருக்கு வரும் என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். டாக்டர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜினாமாவை ஏற்க மறுத்துவிட்டார்கள். என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

நீயாவது என்னைத் திட்டு. இல்லை, மன்னித்தேன் என்று எழுது. இரண்டில் எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன். எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று என் வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

டாக்டர் சொன்னார். பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கும் வருத்தம்தான், இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும் என்றார். அன்றைக்கே உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். தொண்டை இருந்த இருப்புக்குக் கத்த முடியாததால் எழுத்தில் கத்தினேன். மறுநாள் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயாக எழுதுவாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டாய். அதுவரைக்கும் சரி.

இப்போது காதுக் கருவி விற்கிற கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் நான் கத்த வேண்டியதில்லை, கருவியை மாட்டிக் காட்டினால் போதும். தொண்டை தேறிவிட்டது. எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை அக்கா. ஆகவே மன்னித்தேன் என்று நான் எழுதினால் அது பெரிய மனசும் இல்லை, அதில் உனக்குப் பிரயோஜனமும் இல்லை. பறிபோனது என்னுடையது இல்லை. திட்டுவதற்கும் இப்போது தெம்பில்லை. நீ கேட்ட இரண்டும் என்னிடம் கிடையாது. முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுச் சொல், வந்து பக்கத்தில் இருக்கிறேன். அதற்கு யோசிக்காதே.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை. நாலு பிள்ளைகளைத் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். வாயாடியும் அங்கேதான். அங்கே கையால் பேசக் கற்றுத் தருகிறார்கள். நல்ல பள்ளி, அவளும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், நிறைய சிநேகிதிகள். அவள் அம்மாவுக்குத்தான் கைப்பேச்சு தெரியாது. லீவுக்கு வந்தபோது மகள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல, இவள் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வாயால் சொல்லு என்றால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறதாம்.

போன வாரம் அந்த அம்மா என் கடைக்கு வந்தாள். அவளோடு இன்னும் இரண்டு அம்மாக்களும் வந்திருந்தார்கள். "உங்க அக்கா அங்கதான சார் பெரிய எடத்துல இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "அவங்களைப் பேச விட மாட்டாங்கம்மா, சட்டம் அப்படி" என்று சொல்லிவிட்டேன். இப்போது நீ நின்ற இடத்தில் நானும் நிற்கிறேன்.

அதைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"பாவம் சார் அவங்க. வாயிருந்தும் சொல்ல முடியாம நின்னிருக்காங்களே. எம் பொண்ணு படுற கஷ்டம் அவங்களுக்குத்தான் சார் தெரியும். நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி